ட்ரீம்காஸ்ட்டில் உயிர்பெற்ற சுவர்கள்: ஜெட் செட் ரேடியோவின் அழகு எங்கிருந்து வந்தது?

சேகா நிறுவனத்தின் வீடியோ கேம் கன்சோலான ட்ரீம்காஸ்ட்டை இயக்கியவுடன் முதலில் கேட்பது இசை அல்ல, நீளமான ஒரு பீப் ஒலி. அதன் கன்ட்ரோலருக்குள் செருகுகிற நினைவக அட்டையில் சின்னஞ்சிறு திரை ஒன்றும் வட்டமான இரண்டு பேட்டரிகளும் உண்டு. பேட்டரி தீர்ந்துபோன அட்டை, கன்சோலை இயக்கும் ஒவ்வொரு முறையும் அப்படிக் கத்தும். நான் இந்தக் கன்சோலைப் பழைய பொருளாக வாங்கியபோது அதன் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என் அட்டையின் பேட்டரியில் ஒருநாளும் உயிர் இருந்ததில்லை. பீப் ஒலி, பிறகு வட்டு சுழலும் கரகரப்பு, திரையில் துள்ளிவரும் பந்து வரைந்து முடிக்கும் சுருள் சின்னம், அதன்பின் ஜெட் செட் ரேடியோ. இந்த வரிசை என் நினைவில் ஒரே நிகழ்வாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

2000ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று ஜப்பானில் வெளியான இந்த வீடியோ கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள், ‘ஸ்டைலான கேம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தப் பாராட்டு பொய்யில்லை. ஆனால், நல்ல துணிமேல் போட்ட சரிகைபோல, ஏற்கெனவே இருந்த ஒரு விளையாட்டின்மேல் அழகைப் பிற்பாடு பூசினார்கள் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. நான் பலமுறை விளையாடிப் பார்த்து வந்து சேர்ந்த முடிவு வேறு. இந்த விளையாட்டில் கண் பார்ப்பதும், காது கேட்பதும், கை செய்வதும் ஒரே யோசனையிலிருந்து பிறந்தவை. அதில் எதை எடுத்துவிட்டாலும் மற்றவை நிற்காது. அப்படியொரு யோசனை எந்தச் சமரசமும் இல்லாமல் கடைக்கு வந்து சேர்ந்ததற்கு, அன்று சேகா நிறுவனம் இருந்த நிலையும் ஒரு காரணம்.

அந்த நிலையை முதலில் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் நின்டெண்டோவுக்கு நேர் எதிரியாக நின்ற சேகா, அடுத்த சில ஆண்டுகளில் தன் பெயரைத் தானே தேய்த்துக்கொண்டது. 32எக்ஸ் என்ற துணைக்கருவியை விற்றுவிட்டு விரைவிலேயே கைவிட்டது. அடுத்து வந்த சாட்டர்ன் கன்சோல் ஜப்பானுக்கு வெளியே சோனியின் பிளேஸ்டேஷனிடம் தோற்றது. இழந்ததை மீட்கவே ட்ரீம்காஸ்ட் உருவாக்கப்பட்டது. 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. இணையத்தில் இணைவதற்கான மோடம் கன்சோலிலேயே இருந்தது. நான்கு பேர் சேர்ந்து விளையாட நான்கு கன்ட்ரோலர் இணைப்புகள் இருந்தன. அமெரிக்காவில் விலை 199 டாலர். குறை சொல்ல முடியாத இயந்திரம். ஆனால் சேகாவை நம்பி இருமுறை ஏமாந்தவர்கள் மூன்றாவது முறை பணம் போடத் தயங்கினார்கள். பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது, அதில் டிவிடி படமும் பார்க்கலாம் என்ற செய்தி வேறு அவர்களைக் காத்திருக்க வைத்தது. 2001 ஜனவரி 31 அன்று, ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. உலகம் முழுவதும் விற்றவை 90 லட்சத்துக்குச் சற்று அதிகம்; பிளேஸ்டேஷன் 2 அதன் வாழ்நாளில் 15 கோடியைத் தாண்டியது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் அது ஒரு தோல்விக் கதை. அந்த இரண்டரை ஆண்டுகளில் அதற்காக வந்த விளையாட்டுகளின் பட்டியலைப் பார்த்தால் கதை மாறும். ஷென்மூ, கிரேஸி டாக்ஸி, ஸ்பேஸ் சேனல் 5, சம்பா டி அமிகோ, மனித முகம் கொண்ட மீனோடு மைக்கில் பேசவைக்கும் சீமேன் என்று, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத படைப்புகள் வரிசையாக வந்தன. 2000ஆம் ஆண்டில் சேகா தன் உருவாக்கப் பிரிவுகளைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்து, ஓரளவு சுயேச்சையாக இயங்கவிட்டது. அவற்றுள் ஒன்றுதான் ஜெட் செட் ரேடியோவை உருவாக்கிய ஸ்மைல்பிட். சாட்டர்ன் கன்சோலில் பான்சர் டிராகூன் சாகாவை உருவாக்கிய டீம் ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்த சிலர் இதில் இருந்தார்கள். மசாயோஷி கிகுச்சி இயக்குநர், ரியூட்டா உவேடா கலை இயக்குநர், ஹிடேகி நாகானுமா முதன்மை இசையமைப்பாளர். சந்தையில் முன்னணியில் இருக்கும் நிறுவனம் ஏற்கெனவே விற்றதன் இரண்டாம் பாகத்தைத்தான் கேட்கும். பாதுகாத்துக்கொள்ள அதிகமில்லாத நிறுவனத்தில், ‘இது விற்குமா’ என்ற கேள்விக்கு முன்னால் ‘இது வேறு எங்கும் உண்டா’ என்ற கேள்விக்கு இடம் கிடைத்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கதை எளிமையானது. டோக்கியோவைப் போன்ற, டோக்கியோ-டோ என்ற கற்பனை நகரம். அங்கே மோட்டார் பொருத்திய ஸ்கேட் காலணிகளோடு தெருக்களில் சறுக்கித் திரியும் இளைஞர் கும்பல்கள், தத்தம் எல்லையைச் சுவர்களில் கிராஃபிட்டி தீட்டிக் குறிக்கின்றன. பீட், கம், டேப் ஆகியோர் அடங்கிய ஜிஜிஸ் என்ற கும்பல் நம்முடையது. காவல்துறையையும் நகரத்தையும் தன் பிடிக்குள் வைத்திருக்கிறது ரொக்காகு என்ற பெருவணிகக் குழுமம். இவற்றையெல்லாம் நமக்குச் சொல்பவர், அனுமதியில்லாத வானொலி ஒன்றை நடத்தும் டிஜே புரொஃபசர் கே. கதையை வானொலிக்காரர் ஒருவர் வாயால் சொல்லவைத்தது சிறிய முடிவுபோலத் தெரியலாம். ஆனால் அதனால்தான் இசை இந்த விளையாட்டின் பின்னணியில் ஒலிப்பதாக இல்லாமல், அந்த நகரத்தின் காற்றிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற தோற்றத்துக்கு வருவோம். செல் ஷேடிங் என்று அழைக்கப்படும் முறையை இவ்வளவு முழுமையாகக் கையாண்ட முதல் விளையாட்டுகளில் இது ஒன்று. பழைய கார்ட்டூன் படங்களில், ‘செல்’ எனப்படும் ஒளி ஊடுருவும் தாளில் கோடு வரைந்து, உள்ளே ஒன்றிரண்டு சாயைகளில் மட்டும் வண்ணம் நிரப்புவார்கள். அதே உணர்வை முப்பரிமாண உருவத்தில் கொண்டுவருவதே இந்த முறையின் நோக்கம். வழக்கமான முப்பரிமாணப் படத்தில், உருவத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒளியை எந்தக் கோணத்தில் நோக்குகிறது என்பதைக் கணக்கிட்டு, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். கன்னத்தின் ஒளி மெல்ல மெல்ல நிழலாகும். செல் ஷேடிங்கிலும் அதே கணக்குதான், ஆனால் விடையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வரம்பை வைத்து, அதற்கு மேலுள்ளதெல்லாம் ஒரே வெளிர்நிறம், கீழுள்ளதெல்லாம் ஒரே அடர்நிறம் என்று வெட்டிவிடுகிறார்கள். நிழல் கரைவதில்லை; கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கிறது.

உருவத்தைச் சுற்றி வரும் கருங்கோட்டுக்கு வழக்கமாகக் கையாளும் வழி இன்னும் நயமானது. அதே உருவத்தின் நகல் ஒன்றை இம்மியளவு பெரிதாக்கி, முழுக்கக் கருப்பாக்கி, நம்மை நோக்கியிருக்கும் பக்கங்களை மட்டும் வரையாமல் விட்டுவிடுவார்கள். அசல் உருவத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கருப்பு விளிம்புகளில் மட்டும் எட்டிப்பார்க்கும். உருவம் எப்படித் திரும்பினாலும் கோடும் கூடவே திரும்பும். யாரோ ஒருவர் நொடிக்கு நொடி மையில் வரைந்துகொண்டிருக்கிறார் என்று கண் நம்பிவிடுகிறது.

இந்த விளையாட்டில் பாத்திரங்களுக்குத்தான் இந்த உத்தி. கட்டடங்களும் தெருக்களும் சாதாரண முறையிலேயே வரையப்பட்டவை. ஆனால் அவற்றின்மேல் ஒட்டிய படங்களைக் கையால் தீட்டிய சுவரொட்டிபோல், தட்டையான, துணிச்சலான வண்ணங்களில் அமைத்திருக்கிறார்கள். அதனால் இரண்டும் ஒரே ஓவியரின் கைவேலையாகத் தெரிகின்றன. இங்கே இயந்திரத்தின் வரம்பும் துணைசெய்தது. ட்ரீம்காஸ்ட்டின் முதன்மை நினைவகம் 16 மெகாபைட். படத்துக்கென்று தனியாக 8 மெகாபைட். உண்மை மனிதத் தோலையும் உண்மைச் செங்கல்லையும் அந்த அளவுக்குள் காட்ட முயன்ற அக்கால விளையாட்டுகள் பல, இன்று பார்க்கும்போது மங்கலான பொம்மைகளாகத் தெரிகின்றன. அவை உண்மையைப் பின்தொடர்ந்தன. உண்மையோ அடுத்த இயந்திரம் வந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது. ஜெட் செட் ரேடியோ தொட நினைத்தது ஓவியத்தை. அதைத் தொட 24 மெகாபைட் போதுமாக இருந்தது.

நிறத்தை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு, மூன்று பேட்டைகளுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். ஷிபுயா-சோவில் எப்போதும் பகல்; பென்டென்-சோவில் எப்போதும் இரவு; கொகானே-சோவில் எப்போதும் அந்தி. பொழுது மாறுவதே இல்லை. கடைத்தெருவும் பேருந்துகளுமான ஷிபுயா-சோ வெளிறிய வெயிலில் பளபளக்கும். பென்டென்-சோ நியான் விளக்குகளால் மட்டுமே வாழும் கேளிக்கைப் பேட்டை. கொகானே-சோவில் பழைய வீடுகளும் நீர்நிலையும் ஆரஞ்சு வெளிச்சத்தில் ஊறிக் கிடக்கும். எத்தனையோ மாலைகளில் போட்டியை மறந்து, நேரம் தீர்ந்து தோற்கும்வரை, அந்தக் கூரைகளின்மேல் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கிறேன். பகலும் இரவும் மாறி மாறி வரும் விளையாட்டுகள் பின்னாளில் எத்தனையோ வந்துவிட்டன. ஒரு இடத்தின் மனநிலை ஒரே ஒரு பொழுதுதான் என்று முடிவுகட்டி அங்கேயே நிறுத்திவைக்கும் துணிச்சலை நான் அதிகம் பார்த்ததில்லை.

தோற்றத்தைப் போலவே எண்ணிப் பார்க்க வேண்டியது, கைக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த டோனி ஹாக் ஸ்கேட்போர்டு விளையாட்டு பெரும்புகழ் பெற்றிருந்தது. அதில் ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு பொத்தான் சேர்க்கை உண்டு. விரல்களின் திறமையே அங்கு விளையாட்டு. ஜெட் செட் ரேடியோ அந்தப் பாதையில் போகவில்லை. கைப்பிடிக் கம்பியின்மேல் குதித்தால் போதும், கால்கள் தாமாகவே அதைப் பற்றிச் சறுக்கத் தொடங்கும். சுழல்வதும் திரும்புவதும் தானாகவே நடக்கும். நம் வேலை, வழியைக் கண்டுபிடிப்பது. இந்தக் கம்பியிலிருந்து அந்த விளம்பரப் பலகை, பலகையின் பக்கவாட்டில் உரசி ஓடி எதிர்க் கூரை, அங்கிருந்து இறங்கும் படிக்கட்டின் கைப்பிடி என்று, நகரத்தையே ஒரு கோடாக வாசிக்கக் கற்றுக்கொள்கிறோம். விரல்களை விடுவித்துக் கண்ணுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கென்றே கட்டிய நகரத்தில் அதுதானே பொருத்தம்.

கிராஃபிட்டி தீட்டும் இடத்தில் மட்டும் கை மீண்டும் வேலைக்கு வருகிறது. தெருக்களில் சிதறிக்கிடக்கும் ஸ்ப்ரே டப்பாக்களை முதலில் பொறுக்கிக்கொள்ள வேண்டும்: மஞ்சள் டப்பா ஒன்றாகக் கணக்காகும், நீலம் ஐந்தாக. அம்புக்குறி காட்டும் சுவரருகே வந்து இடது விசையை அழுத்தினால், பாத்திரம் கையை உயர்த்தும். சிறிய கிறுக்கல் என்றால் அத்துடன் முடிந்தது. பெரிய ஓவியமென்றால் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக அசைவுகள் தோன்றும்: கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சியை இடமிருந்து மேலாக அரைவட்டம் சுழற்று, கீழே தள்ளு, முழுவட்டம் சுற்று. ஒவ்வோர் அசைவும் சரியாக விழும்போது வண்ணத்தின் ஒரு பகுதி சுவரில் ஏறும். கட்டைவிரல் செய்வது ஏறத்தாழ ஓர் ஓவியனின் மணிக்கட்டு செய்யும் அசைவேதான். அதே நேரம் பின்னாலிருந்து போலீஸ் ஓடிவரும் சத்தம் கேட்கும். முதலில் லத்தியோடு சிலர். பிறகு பெரிய துப்பாக்கியை நீட்டியபடி கேப்டன் ஒனிஷிமா. அதற்கும் பிறகு கண்ணீர்ப்புகையும் ஹெலிகாப்டரும். இன்னும் இரண்டு அசைவு பாக்கி இருக்கும்போது அங்கேயே நிற்பதா, பாதி ஓவியத்தை விட்டு ஓடுவதா என்ற அந்த நொடிதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி.

சுவரில் ஏறும் ஓவியங்களும் பெயருக்கு வரைந்தவை அல்ல. நியூயார்க்கின் கிராஃபிட்டிக் கலைஞர் எரிக் ஹேஸ் அவற்றில் சிலவற்றை வடிவமைத்தார். போதாததற்கு, விளையாடுபவர் தமக்கான ஓவியத்தைத் தாமே வரைந்து, நினைவக அட்டையில் சேமித்து, டோக்கியோ-டோவின் சுவர்களில் தீட்டவும் வசதி இருந்தது. கிராஃபிட்டி கலைதான், ஆயினும் பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது குற்றம் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் விளையாட்டுத் தொடங்கும்போது திரையில் வரும். சட்டத்துக்காக வைத்த வரிகள் என்பது தெரிந்ததே. இருந்தாலும் ‘கலை’ என்ற அந்த ஒப்புதலை முதல் திரையிலேயே வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாகானுமாவின் முறை, வெட்டி ஒட்டுவது. பழைய ஃபங்க், ஹிப்-ஹாப் தாளங்களின்மேல், மனிதக் குரலின் துண்டுகளை அசை அசையாக நறுக்கி அடுக்குவார். பாடுவது ஒரு சொல்போலக் கேட்கும். பொருளைப் பிடிக்கப் போனால் நழுவிவிடும். குரல் அங்கே செய்தி சொல்வதில்லை, தாளக்கருவியாக மாறிவிடுகிறது. பல சுவரொட்டிகளைக் கிழித்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய நகரச் சுவரைப் பார்த்தால் எப்படி எழுத்துகள் தெரிந்தும் வாக்கியம் தெரியாதோ, அப்படி. திரையில் நிழலைக் கத்தரித்ததும், ஒலியில் குரலைக் கத்தரித்ததும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள். கிட்டார் வேடர் போன்ற ஜப்பானிய இசைக்குழுக்களின் பாடல்களும் நடுவே வரும். ஒன்று முடிய அடுத்தது தொடரும், வானொலி நின்றுபோவதே இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் ஒரே ஒரு குச்சிதான். ஓடுவதற்கு அது போய்விட, பார்வைக் கோணத்தைத் திருப்ப வேறொன்று மிஞ்சவில்லை. கோணத்தை முதுகுப்பக்கம் கொண்டுவரும் விசையும், வண்ணம் தெளிக்கும் விசையும் ஒன்றேதான். சுவருக்கு அருகில் நின்று பார்வையைச் சரிசெய்ய முயன்றால் கை தானாக ஸ்ப்ரே அடித்துவிடும். ஸ்ப்ரே அடிக்கப் போனால் பார்வை சுழன்றுவிடும். உயரமான இடங்களுக்குத் துல்லியமாகத் தாவ வேண்டிய கட்டங்களில் இது பெரும் சோதனை. ஒருமுறை தவறிக் கீழே விழுந்தால், அதே கம்பிகளின் சங்கிலியை முதலிலிருந்து ஏறிவர வேண்டும், கடிகாரமோ நிற்காது. 2012இல் வந்த உயர்தெளிவுப் பதிப்பில் இரண்டாவது குச்சியால் பார்வையைத் திருப்ப முடிந்தபோதுதான், முதல் பதிப்பில் எத்தனை முறை பாத்திரத்தோடு அல்ல, கேமராவோடு போராடியிருக்கிறோம் என்பது விளங்கியது.

அமெரிக்காவுக்கு இது போனபோது பெயரே மாறியது. வணிகக்குறிச் சிக்கலால் அங்கே ஜெட் கிரைண்ட் ரேடியோ என்று வெளியிட்டார்கள். நியூயார்க்கை நினைவூட்டும் கூடுதல் பகுதிகளையும், ஜுராசிக் 5, ராப் ஸோம்பி போன்றோரின் பாடல்களையும் சேர்த்தார்கள். வெளியான நேரம்தான் துரதிர்ஷ்டம்: 2000 அக்டோபர் 26 அன்று பிளேஸ்டேஷன் 2 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது; அதற்குச் சில நாள்கள் கழித்து, அதே மாத முடிவில், இது வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், 2001இல் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் காட்சிக்கலைக்கான விருதையும் பெற்றது. விருது கொடுத்த ஆண்டிலேயே இயந்திரத்தின் தயாரிப்பும் முடிந்துபோனது. அதனால் இந்த விளையாட்டை அறிந்தவர்களில் பெரும்பாலோர், அது புதிதாக இருந்தபோது விளையாடியவர்கள் அல்லர். என்னைப்போல் பின்னால் வந்து, பழைய கன்சோலில் கண்டுகொண்டவர்கள்.

அடுத்த பாகமான ஜெட் செட் ரேடியோ ஃபியூச்சர் 2002இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் வெளிவந்தது. பரந்த நகரம், மென்மையான ஓட்டம், அதைவிட நல்ல பாடல்கள் என்று அதை உயர்த்திச் சொல்வோர் உண்டு. ஆனால் அதில் குச்சியைச் சுழற்றி வரையும் முறையை எடுத்துவிட்டார்கள்; சுவரருகே பறந்துகொண்டே பொத்தானைத் தட்டினால் ஓவியம் முடிந்துவிடும். ஓட்டம் தடைபடாது என்பது உண்மை. ஆனால் அந்த மணிக்கட்டின் பதற்றமும் போய்விட்டது. எனக்கு முதல் பாகமே நெருக்கமானதாக இருப்பதற்கு இதுதான் காரணம். இயக்குநர் கிகுச்சி பின்னர் யாகுஸா வரிசை விளையாட்டுகளின் தயாரிப்பாளரானார். ஜப்பானிய நகரத் தெரு ஒன்றை, அதன் விளக்குகளும் கடைகளுமாக, மனிதர்கள் வாழும் இடமாகக் காட்டும் ஆசை அங்கும் தொடர்வதைப் பார்க்கலாம்.

2023 ஆகஸ்டில், டீம் ரெப்டைல் என்ற சிறிய நிறுவனம் பாம் ரஷ் சைபர்ஃபங்க் என்ற விளையாட்டை வெளியிட்டது. செல் ஷேடிங், ஸ்கேட், கிராஃபிட்டி என்று ஜெட் செட் ரேடியோவின் வாரிசாகவே வந்த அந்த விளையாட்டில், நாகானுமாவின் இசையும் இருந்தது. பெரிய ஓவியம் தீட்டக் குச்சியை அசைக்கும் வேலையும் மீண்டும் வந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஜெட் செட் ரேடியோவைப் புதிதாக உருவாக்குவதாக சேகாவே அறிவித்தது.

என் நினைவக அட்டையின் பேட்டரி இன்னும் தீர்ந்தேதான் கிடக்கிறது. அதன் கடிகாரத்துக்கும் அந்தச் சின்னத் திரைக்கும்தான் பேட்டரி வேண்டும். சேமித்து வைத்தவை அது இல்லாமலும் அழிவதில்லை. கோணல்மாணலாக நான் வரைந்து வைத்த கிராஃபிட்டி ஒன்று அதற்குள் இருக்கிறது. கன்சோலை இயக்கி, அந்த நீண்ட பீப் ஒலி அடங்கும்வரை காத்திருந்து, கொகானே-சோவின் அந்தியில் ஏதாவது ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றால், இன்றைக்கும் அதைத் தீட்டலாம்.